விசில் பிடித்த கை பொத்தானுக்குப் பழகுமா?

கேள்வி:

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. பி.ஏ. வரலாறு படித்தவன். ஆறு ஆண்டுகளாக நாங்குநேரி வட்டாரக் கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தின் இளைஞர் பணியாளராக இருக்கிறேன். மாலை வகுப்பு நடத்துவது, கபடி அணியைப் பழக்குவது, பள்ளியை விட்டு நின்ற பையன்களைத் திரும்பச் சேர்ப்பது, கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டித் திரிகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவது இவைதான் என் வேலை. எங்கள் அணியில் பாடிப் போவதில் கெட்டிக்காரனான ஒரு பையன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். வயது 15. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது அவன் பஸ்ஸின் போர்டைப் பார்ப்பதே இல்லை, நிறத்தையும் நடத்துநரின் முகத்தையும் பார்த்துத்தான் ஏறுகிறான். அவனுக்குப் படிக்கவே வராது என்பது எனக்கே மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. இன்னொரு பையனின் தம்பிக்கு எட்டு வயது, ஆட்டிசம் என்கிறார்கள். இவர்களைப் பார்த்த பிறகு, குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புக் கல்விப் பக்கம் வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். எங்கள் திட்டமும் வருகிற மார்ச்சில் முடிகிறது.

மூன்று சந்தேகங்கள். என் ஆறு ஆண்டு அனுபவம் அங்கே செல்லுபடியாகுமா, அல்லது முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? எந்தப் படிப்பு? மூன்றாவதைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. என் ஒரு விசிலுக்கு ஐம்பது பையன்கள் வந்து நிற்பார்கள். ஒரே பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு ஒத்துவருமா? அம்மா, "ஆயா வேலைக்கா போகப்போகிறாய்?" என்று கேட்கிறார்கள். பெயரும் ஊரும் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

"எனக்கே மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ தவறு செய்துவிட்டது போன்ற குரல் அதில் கேட்கிறது. ஒன்பது ஆண்டுகள் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்திருந்த பள்ளிக்குத் தெரியாதது, பஸ் நிறுத்தத்தில் அவன் கண் எங்கே போகிறது என்று பார்த்த உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் மாதம் முழுவதும் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பிள்ளையைப் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள், பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். முதல் இரண்டும் பலருக்கு வருவதே இல்லை. அனுபவம் செல்லுமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் பாதி இதிலேயே இருக்கிறது.

எழுத்து பிடிபடாத பிள்ளை சும்மா இருப்பதில்லை. அதை மறைக்க நாள் முழுவதும் உழைக்கிறான். வாசிக்கும் முறை தன்னிடம் வருவதற்குள் ஆசிரியருக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பிவிடுவான். பக்கத்துப் பையன் வாசிப்பதைக் காதால் வாங்கி அப்படியே ஒப்பிப்பான், விரல் மட்டும் வேறு வரியில் இருக்கும். கரும்பலகையைப் பார்த்து அச்சுப்போல எழுதிவிடுவான், எழுதியதைப் படி என்றால் ஒரு சண்டையை இழுத்து வெளியே போய்விடுவான். வெளியே நிற்பது அவனுக்குத் தண்டனையே இல்லை. "மக்கு" என்று பெயர் வாங்குவதைவிட "அடங்காதவன்" என்று பெயர் வாங்குவது கௌரவம் என்று பத்து, பதினொரு வயதிலேயே தீர்மானித்துவிடுகிறான். எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஒன்பதில் முட்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை நினைத்துக் கவலைப்படும் பள்ளி, அவன் வராமல் போனால் தேடிப்போவதில்லை.

இப்படிப்பட்ட பையன்கள்தான் பிறகு உங்கள் மாலை வகுப்புக்கும் ஆடுகளத்துக்கும் வந்து சேர்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் பள்ளித் தோழர்களாலேயே வெட்டப்பட்டதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அந்த மண்ணிலேயே வேலை பார்த்தவர். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது; வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. சாதி வெறிக்கு, இப்படி எழுத்து பிடிபடாமல் போகும் கற்றல் குறைபாடு காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் கயிறு கட்டுகிறார்கள். ஆனால் வகுப்பறையில் எந்த இடமும் கிடைக்காத ஒரு பையனை, "நீ நம்ம ஆள்" என்று சொல்லிக் கூப்பிடும் முதல் கூட்டம் எளிதாகச் சேர்த்துக்கொள்கிறது. நீங்கள் அதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். சிறப்புக் கல்விக்கு வருகிற பெரும்பாலோருக்கு இந்தப் பக்கம் தெரியாது. அவர்கள் சின்னப் பிள்ளைகளை எதிர்பார்த்து வருகிறார்கள். மீசை அரும்பும் வயதில், கோபத்தோடு, கைகளை மடக்கிக்கொண்டு நிற்கும் மாணவனைப் பார்த்தால் பயந்துவிடுகிறார்கள். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளோடு உட்கார ஆள் கிடைக்காமல்தான் நாங்கள் திண்டாடுகிறோம்.

இனி விசிலுக்கு வருகிறேன்.

சட்டைப் பொத்தானைச் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அதை எப்படிச் சொல்லிக்கொடுப்போம் என்று கேளுங்கள். முதல் பொத்தானிலிருந்து தொடங்க மாட்டோம். எல்லாப் பொத்தானையும் நாமே போட்டு, கடைசிப் பொத்தானைக் காஜாவுக்குள் பாதி நுழைத்து வைத்துவிட்டுப் பிள்ளையிடம் விடுவோம். அவன் செய்ய வேண்டியது வெளியே எட்டிப்பார்க்கும் பாதியைப் பிடித்து இழுப்பது மட்டும். இழுத்தவுடன் சட்டை போட்டாயிற்று. முடித்த பெருமை அவனுக்கு. இது பழகிய பிறகு, கால் பங்கு மட்டும் நுழைத்து வைப்போம். பிறகு பொத்தானைக் காஜாவின் வாயில் வைத்துவிட்டுக் கையை எடுப்போம். பிறகு கடைசிக்கு முந்தைய பொத்தான். பின்னாலிருந்து முன்னால் வருகிற இந்த வழியில், பிள்ளை ஒவ்வொரு நாளும் வெற்றியோடு எழுந்து போகிறான். சட்டையும் முதலில் அவன் போட்டிருக்கும் சட்டையாக இருக்காது, மேசையில் விரித்த பெரிய பொத்தான் வைத்த துணியாக இருக்கும். எத்தனை முறை செய்தான், எத்தனை முறை கை தொட்டு உதவினேன், எத்தனை முறை வாயால் சொன்னதே போதுமாக இருந்தது என்று நோட்டில் தினமும் குறிக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளைக்கு ஐந்து பொத்தானும் முடிய எனக்கு ஏழு மாதம் ஆனது. ஆனி மாதத்துச் சாரலில் தொடங்கியவன், பொங்கல் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தான்.

ஏழு மாதம். உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது அதுதான் என்று மறைக்காமல் சொல்கிறேன். இளைஞர் பணியில் பலன் கண்ணில் படும். போட்டி வரும், கோப்பை வரும், பத்துப் பேர் மேடையேறுவார்கள். நீங்கள் குரலை உயர்த்தினால் கூட்டத்துக்கு உற்சாகம் ஏறும். எங்கள் அறையில் அதே குரல் ஒரு பிள்ளையைக் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போகவைக்கும். அங்கே நீங்கள் பேசிப் பேசிச் சாதித்தீர்கள். இங்கே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதினைந்து வினாடி வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். பதினைந்து வினாடி எவ்வளவு நீளம் என்பதை இன்று வீட்டில் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். நாம் கேள்வியைத் திருப்பிக் கேட்டால், பாதி வழி வந்துவிட்ட பிள்ளையின் மனம் மறுபடி முதலிலிருந்து புறப்பட வேண்டும். இந்தக் காத்திருப்பு எனக்கும் பிறவியிலேயே வந்ததில்லை. இரண்டு ஆண்டு ஆயிற்று. உங்களுக்கும் வரும் என்று நம்புகிறேன், ஏனென்றால் ஒரு பையனின் ரகசியம் தெரியும்வரை அவனை விரட்டாமல் மூன்று ஆண்டு பக்கத்தில் வைத்திருந்தவர் நீங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆறு வயதுச் சிறுமி. பேச்சு இல்லை, சொல்வது புரிவதில்லை. கையோடு வந்த காகிதத்தில் அறிவுசார் குறைபாடு என்று எழுதியிருந்தது. நான் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தேன். ஆறு மாதம் அவளுக்கு நிறம் பிரிக்கவும் வளையம் கோக்கவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளை வளர்த்த ஆச்சி பீடி சுற்றுகிறவர். ஒருநாள் முறத்தில் இலையை வெட்டிக்கொண்டே சொன்னார்: "கோயிலில் மேளம் அடித்தால் இவள் திரும்பிப் பார்க்கிறாள். நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. என் மேல் என்ன கோபமோ." எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். கனத்த ஓசை கேட்கிறது, பேச்சின் மெல்லிய ஓசைகள் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் ஆறு மாதத்தை நான் வீணாக்கினேன். அதன் பிறகு காதும் கண்ணும் பரிசோதிக்காமல் எந்தப் பிள்ளைக்கும் எந்தத் திட்டமும் நான் எழுதியதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்காராமலும் எழுதியதில்லை. திண்ணையில் உட்காருவது உங்களுக்கு ஆறு ஆண்டுப் பழக்கம். பி.எட். முடித்து நேராக வருகிறவர்களுக்கு நான் அதை மன்றாடிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா கேட்டதற்கு வருவோம். ஆமாம், ஆயா வேலையும் இதில் உண்டு. வாய் நீர் துடைப்பீர்கள். உடையில் மலம் போய்விட்ட பத்து வயதுப் பிள்ளையைக் கழுவிவிடுவீர்கள். இதைச் செய்ய முகம் சுளிக்கிறவர் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் எனக்கு வேண்டாம். பிள்ளை அந்தச் சுளிப்பை எழுத்தைவிட வேகமாகப் படித்துவிடும். ஆனால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஒரு படத்தைத் தொட்டுக் காட்டப் பழக்கிவிட்டால் அந்தப் பிள்ளை பள்ளியில் நீடிக்கும், பழக்காவிட்டால் நான்கே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பப்படும். அதைப் பழக்குவது கல்வி. அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். உங்களையும் யாரோ பழக்கித்தானே நீங்கள் பள்ளிக்குப் போனீர்கள், அது யார் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் சொல்லிவைக்கிறேன். நீங்கள் ஆண். பெண் பிள்ளைகளின் உடை, கழிப்பறை சார்ந்த வேலையைத் தாயோ பெண் உதவியாளரோ செய்யட்டும். ஆண் பிள்ளையானாலும், மூடிய அறையில் நீங்களும் அவனும் மட்டும் என்ற நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை முழுவதும் படியுங்கள். பேச்சு வராத பிள்ளைகள் மீது நடக்கும் கொடுமைகள் வெளியே வருவது அரிது. அவர்களுக்காகக் கண்ணைத் திறந்துவைத்திருக்க வேண்டியவர்களில் நீங்களும் ஒருவராகப் போகிறீர்கள்.

வலிப்பைப் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், இதற்குப் படிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நம் ஊரில் வலிப்பு வந்தவுடன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், வாயில் கரண்டியை நுழைப்பார்கள். இரண்டும் கூடாது. சுற்றியிருக்கும் பொருள்களை விலக்கி, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். உங்கள் கபடிப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

கபடிப் பையன்கள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. களக்காடு பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன். அவன் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு தெருதான். ஆண்டுதோறும் கோயில் கொடை விழா வந்தால் மூன்று நாள் குழாய் ஒலிபெருக்கி, வில்லுப்பாட்டு, வேட்டு. சிறுவன் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான், தாய் அவனைத் தூக்கிக்கொண்டு ஏர்வாடியில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். சொந்த ஊர்க் கொடையை அந்தத் தாய் ஐந்து ஆண்டு பார்க்கவில்லை. நான் ஊர்ப் பெரியவர்களிடம் பேசினேன், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த ஊர் இளைஞர் மன்றத்தில் வேலை செய்த ஒரு தம்பி, பையன்களைக் கூட்டிச் சிறுவனின் வீட்டு வாசலில் ஒருநாள் மாலை உட்காரவைத்தார். அவனுக்கு என்ன நடக்கிறது என்று தாயையே பேசச் சொன்னார். அந்த ஆண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள் வயல் பக்கம் திரும்பின. வேட்டு வெடிக்கும் நேரத்தை முந்தைய நாளே வந்து சொன்னார்கள், காதுக்கு வைக்கும் மூடியை ஒருவன் நெல்லையிலிருந்து வாங்கிவந்தான். சிறுவன் கடைசி நாள் சாமக்கொடைக்குத் தாயின் தோளில் உட்கார்ந்து அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தான்.

சான்றிதழ் வைத்திருக்கும் என்னால் அதைச் செய்ய முடியவில்லை. அந்தத் தம்பியால் முடிந்தது. பொத்தானுக்கு வருகிறவர் விசிலை ஆற்றில் போட்டுவிட்டு வர வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அறைக்குள் அதை ஊத வேண்டாம், அவ்வளவுதான். ஊருக்குள் அது எங்களுக்கு மிகவும் தேவை. பள்ளியில் நாங்கள் ஒரு பிள்ளையை எவ்வளவு தயார்செய்து அனுப்பினாலும், மாலை நான்கு மணிக்கு மேல் அவனோடு விளையாட ஒரு கூட்டுக்காரன்கூட இல்லை என்பதுதான் வீடு வீடாக நான் கேட்கும் துயரம்.

படிப்பு. இதில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்திய மறுவாழ்வு கவுன்சில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. ஆர்.சி.ஐ. என்பார்கள். அது அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் மையப் பதிவேட்டில் எண் வாங்கியவர்தான் சிறப்புக் கல்வியாளராகத் தொழில் செய்யலாம். இரண்டு வழிகள். பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியில் இரண்டு ஆண்டுப் பட்டயம். பட்டப் படிப்புத் தகுதியில் இரண்டு ஆண்டு பி.எட். சிறப்புக் கல்வி. நீங்கள் பட்டதாரி, மதிப்பெண் 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் பி.எட். படியுங்கள். சேரப்போகும் கல்லூரிக்கு நீங்கள் சேரும் ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்துப் பட்டியலில் நீங்களே பாருங்கள். கல்லூரிக்காரர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று விளம்பரம் செய்கிற சான்றிதழ்கள் உங்கள் அறிவுக்கு உதவலாம், பதிவு எண் வாங்கித் தராது. அந்தச் சான்றிதழை நம்பிப் பணத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பில் "சிறப்பாசிரியர்" என்று வந்தால் அது பெரும்பாலும் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியரைக் குறிக்கும். நமக்கானது "சிறப்புப் பயிற்றுநர்" அல்லது "சிறப்புக் கல்வி ஆசிரியர்".

படிப்பில் எந்தக் குறைபாட்டை முதன்மையாக எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். செவித்திறன், பார்வைத்திறன், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று தனித்தனிப் பிரிவுகள். வேலை வாய்ப்பை மட்டும் பார்த்தால் அறிவுசார் குறைபாடு என்பேன், ஏனென்றால் நம் கிராமப் பள்ளிகளில் நான் அதிகம் சந்தித்த பிள்ளைகள் அவர்கள்தான். ஆனால் முடிவெடுக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். பாளையங்கோட்டைக்காரர்களுக்கே தங்கள் ஊரின் இந்த முகம் சரியாகத் தெரியாது. ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியும், ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும் நூறு ஆண்டுகளைத் தாண்டி அங்கே நிற்கின்றன. முருகன்குறிச்சி வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள்கூட உள்ளே எட்டிப்பார்த்ததில்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் ஓர் ஓலைக் கொட்டகையில் ஐந்து பிள்ளைகளோடு தொடங்கியது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கைக்குழந்தையிலேயே வளர்ச்சித் தாமதத்தைக் கண்டுபிடித்து வீடு தேடிப்போகும் வேலையை அங்கே பார்க்கலாம். அனுமதி கேட்டு எழுதி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு முழு நாள் இருங்கள். பார்வையாளராக நின்று திரும்பாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஊட்டிவிடுங்கள். அன்று இரவு உங்கள் மனம் என்ன சொல்கிறதோ அதை வைத்து முடிவெடுங்கள்.

சம்பளத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களோடு இணைந்து வேலை செய்யும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பல பள்ளிகள். திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் வேறொன்று, நடுவில் நடக்கவே முடியாத பிள்ளையின் வீட்டுக்கும் போக வேண்டும். பணி நிரந்தரம் நெடுநாள் கோரிக்கை. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. அந்தக் கணக்குக்கு ஆள் போதவில்லை, ஆகவே பணியிடங்கள் வரும் என்றே நினைக்கிறேன். எந்த ஆண்டு என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். தனியார் சிறப்புப் பள்ளிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் உடனே வேலை கிடைக்கும், ஊதியம் குறைவு. இரண்டு ஆண்டு படிக்கும்போது வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதை அம்மாவோடு உட்கார்ந்து ரூபாய்க் கணக்காகவே எழுதுங்கள். ஒரு கனவோடு வந்து, எட்டாவது மாதம் கடனால் படிப்பை விட்டவர்கள் உண்டு, அவர்களிடம் பழகிவிட்ட பிள்ளைகள் அதன் பிறகு அடுத்தவரை நம்ப மறுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

எனவே மார்ச்சுக்குள் கல்லூரியில் சேர்ந்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். அதற்கு முன் அந்தப் பதினைந்து வயதுப் பையன் இருக்கிறான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் உள்ளே வந்தன. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்றளிக்கப்பட்டால் 18 வயதுவரை இலவசக் கல்வி அவன் உரிமை. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். திரும்பப் பள்ளிக்குப் போக அவன் மறுத்தால் தனித்தேர்வர் வழியும் இருக்கிறது. இவை எதையும் இப்போதே அவனிடம் வாக்குறுதியாகச் சொல்லாதீர்கள். அவனுக்கு இருப்பது கற்றல் குறைபாடுதானா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பார்வைக் கோளாறாக இருக்கலாம். மூன்றாம் வகுப்பில் ஓராண்டு பள்ளிக்கே போகாமல் ஆடு மேய்த்த கதையாகவும் இருக்கலாம்.

முதலில் அவனிடம் தனியாகப் பேசுங்கள். உனக்குப் படிக்க வராது என்று எனக்குத் தெரியும் என்று தொடங்காதீர்கள். எழுத்துகள் உன் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதினைந்து வினாடி காத்திருங்கள். அவன் எழுந்து போய்விட்டால் போகட்டும், அடுத்த வாரம் கேளுங்கள். அவன் சம்மதித்த பிறகே அவன் அம்மாவிடம் போங்கள், அணிப் பையன்களுக்கு ஒரு சொல்லும் தெரிய வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மருத்துவ மதிப்பீடு எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு, பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு மூவருமாகப் போங்கள். முதல் நாளில் முடியாது, மூன்று நான்கு முறை அலைய வேண்டியிருக்கும் என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவருக்குக் கூலி போகும். ஆதார் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், அவனுடைய பழைய நோட்டுப் புத்தகங்கள் இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். கண் பரிசோதனையையும் காதுப் பரிசோதனையையும் முதலில் முடியுங்கள். அன்றைக்கு மாலை ஆட்டம் எதுவும் வைக்காதீர்கள், காலையில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், போர்டை அவனைப் படிக்கச் சொல்லாதீர்கள்.